வணிகத்தின் சொந்த முகவரி

நுழையும்முன்

பொருளை ஆக்குவோரையும் அதைப் பயன்படுத்துவோரையும் இணைப்பது வணிகம். அவ்விருவருக்கும் இடைப்பட்ட நெடுவழியில் ஆக்கியவரின் பெயர் தொலைந்துபோவதும் உண்டு. திறன்பேசித் திரையிலேயே சந்தை கூடும் இக்காலத்தில், ஒரு சிறுதொழில் தன் பெயரையும் தன் வாடிக்கையாளரையும் தன்னிடமே வைத்துக்கொள்ள இயலுமா? சொந்த இணையதளம் அதற்கு எவ்வாறு துணைசெய்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லில் பொறித்த பெயர்

மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில் தமிழி எழுத்தில் அமைந்த கல்வெட்டுகள் உள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அவை, சமணத் துறவியர்க்குக் கொடையளித்தோரின் பெயர்களைப் பதிவுசெய்துள்ளன. உப்பு விற்றவர், துணி விற்ற அறுவை வணிகர், கலப்பைக்கு வேண்டிய கொழு விற்றவர் எனப் பலர் அக்கொடையாளருள் இடம்பெறுகின்றனர். அவர்களுடைய பெயரோடு தொழிலும் சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. சிலருக்கு ஊரும் சுட்டப்பட்டுள்ளது.

ஒரு வணிகரைப் பற்றி மக்கள் அறிய விரும்புவன மூன்று: அவர் யார், என்ன விற்கிறார், எங்கே இருக்கிறார். அழகர்மலையின் பாறை அவ்வினாக்களுக்கு விடை தந்தது. பட்டினப்பாலை காட்டும் புகார் நகரத்தில் பறந்த பலவகைக் கொடிகளும் கண்டோர்க்குச் செய்தி கூறின. பின்னாளில் கடையின் பெயர்ப்பலகை அப்பணியை ஏற்றது. இன்று அப்பணியைச் செய்வது இணையதளம். கருவி மாறியுள்ளது, தேவை மாறவில்லை.

பாய் பயணம் செய்கிறது, பெயர் நின்றுவிடுகிறது

திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள பத்தமடை, கோரைப் பாய்க்குப் பெயர்பெற்ற ஊர். பொருநையாற்றுப் படுகையில் விளையும் கோரையை அறுத்து, தண்டை நெடுக்காகக் கிழித்து, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, உலர்த்திச் சாயம் ஏற்றுவர். பின்னர்ப் பருத்தி நூலைப் பாவாகவும் கோரை இழையை ஊடையாகவும் கொண்டு நெய்வர். மிக மெல்லிய இழைகளால் நெய்யப்படும் உயர்வகைப் பாய், பட்டுத்துணி போல மடங்கும். அத்தகைய ஒரு பாயை நெய்து முடிக்கப் பல வாரங்கள் ஆகும். மணமக்களின் பெயர்களையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து தருவது இவ்வூரின் சிறப்பு.

இப்பாய் ஒரு பெருநகரக் கடையை அடைவதற்குள் பலர் கைமாறுகிறது. கடையில் அது நெகிழிப் பாய்க்கு அருகில் அடுக்கி வைக்கப்படலாம். ஒன்றின் விலை சில நூறு ரூபாயாகவும் மற்றொன்றின் விலை சில ஆயிரம் ரூபாயாகவும் இருப்பதைக் காணும் நுகர்வோர் வியப்படைகிறார். கோரை ஊறிய நாள்களையும் நெய்தவர் தறியில் அமர்ந்திருந்த வாரங்களையும் அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கு எவருமில்லை. நெய்தவர் பெயரும் பாயோடு வருவதில்லை. மீண்டும் ஒரு பாய் வேண்டுமெனில், அவர் கடைக்குத்தான் செல்வாரேயன்றிப் பத்தமடைக்குச் செல்லமாட்டார்.

இந்நிலை பாய்முடைவோர்க்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல் பூட்டு, மதுரைச் சுங்குடி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எனச் சிறு பட்டறைகளிலும் இல்லங்களிலும் உருவாகும் பொருள்கள் பலவற்றுக்கும் இதுவே நிலை. ஊரின் பெயரை உலகம் அறியும். உழைத்தவரின் பெயரை அறியாது.

தெரிந்து தெளிவோம்

ஒரு வட்டாரத்துக்கே உரிய தரத்தையும் சிறப்பையும் கொண்ட பொருளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்படுகிறது. இதற்கான இந்தியச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்தது. இதன் பதிவகம் சென்னையில் அமைந்துள்ளது. திண்டுக்கல் பூட்டு 2019இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் இக்குறியீட்டைப் பெற்றன. பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்ற பொருளே. இக்குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. அவ்வூரில் அதை ஆக்கிய தனி ஒருவரை அடையாளம் காட்டுவது அதன் நோக்கமன்று.

பொதுநிலமாக அமைந்த வலை

இன்று இணையதளங்கள் இயங்கும் உலகளாவிய வலை, ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் இதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1991இல் இது ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் பயன்பாட்டுக்கு வந்தது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் நிறுவனம், இத்தொழில்நுட்பத்தை உரிமத்தொகை ஏதுமின்றி எவரும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அதனால் வலை எந்தவொரு நிறுவனத்துக்கும் உரிய கடைத்தெருவாக மாறாமல், எவரும் மனை எழுப்பக்கூடிய பொதுநிலமாக அமைந்தது. பெருநிறுவனத்துக்குக் கிடைக்கும் அதே வலையில் பத்தமடைப் பாய்நெசவாளரும் தமக்கென ஓர் இடத்தை அமைத்துக்கொள்ளலாம்.

அவ்விடத்துக்கு மூன்று கூறுகள் வேண்டும். முதலாவது, டொமைன் என வழங்கப்படும் களப்பெயர். இது வீட்டின் முகவரி போன்றது. உலகில் ஒரு களப்பெயர் ஒருவருக்கே உரியது. இரண்டாவது, பக்கங்களைச் சேமித்து வைத்து, கேட்போர்க்கு அனுப்பும் சேவையகத்தில் ஓர் இடம். இது மனை போன்றது. மூன்றாவது, எழுத்தும் படமும் கொண்ட பக்கங்கள். இவையே மனைமேல் எழும் கட்டடம்.

களப்பெயரை விலைக்கு வாங்கி என்றென்றும் வைத்துக்கொள்ள இயலாது. குறித்த கால அளவுக்குப் பதிவுசெய்து, உரிய காலத்தில் கட்டணம் செலுத்திப் புதுப்பித்துவர வேண்டும். ஆயினும் புதுப்பிக்கும் உரிமை பதிவுசெய்தவரிடமே இருக்கும். சேவையகம் அளிக்கும் நிறுவனம் மனநிறைவு தராவிடில் வேறொரு நிறுவனத்துக்கு மாறலாம். அப்போதும் முகவரி மாறுவதில்லை. வாடிக்கையாளர் பழைய பெயரைத் தட்டச்சு செய்தே புதிய இடத்தை அடைவார். சொந்த இணையதளத்தின் முதன்மைச் சிறப்பு இதுவே.

களப்பெயர் தமிழ் எழுத்திலும் அமையலாம். '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என முடியும் களப்பெயர்கள் தமிழ் எழுத்திலேயே வழக்கில் உள்ளன.

வாடகைக் கடையும் சொந்த மனையும்

'சமூக ஊடகத்தில் இலவசமாகவே கடை விரிக்கலாமே. பெரிய மின்வணிகத் தளங்களில் விற்கலாமே. தனியே ஓர் இணையதளம் எதற்கு?' என்னும் வினா எழுவது இயல்பு. அவ்விடங்களுக்குரிய நன்மைகளை மறுக்க இயலாது. அங்கே மக்கள் முன்னரே கூடியிருக்கின்றனர். தொடங்குவது எளிது. மின்வணிகத் தளங்கள் பணம் பெறுதல், பொருளை அனுப்புதல் ஆகியவற்றுக்கும் வழிசெய்கின்றன. புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்கு இவை பெருந்துணை.

ஆயினும் அவை திருவிழாக் கடைவீதியில் வாடகைக்கு எடுத்த கடை போன்றவை. கூட்டம் மிகுதி, ஆனால் இடம் பிறருடையது. இடத்துக்குரியவர் விதியை மாற்றினால் கடைக்காரர் அதற்கு உடன்பட வேண்டும். அண்மைக்கால நிகழ்வுகள் மூன்று இதனை உணர்த்துகின்றன.

2018ஆம் ஆண்டு சனவரியில் முகநூல் நிறுவனம், வணிகப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், உறவினர்களின் பதிவுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்போவதாக அறிவித்தது. பயனர் நலன் கருதிய முடிவு என அந்நிறுவனம் அதனை விளக்கியது. ஆனால் பல ஆண்டுகள் முயன்று தம் பக்கத்துக்குப் பின்தொடர்வோரைச் சேர்த்த வணிகர்கள், அவர்களை அடைவதற்கே விளம்பரக் கட்டணத்தை நாடும் நிலை வலுத்தது.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அந்நிறுவனத்தின் வலையமைப்பில் மேற்கொண்ட ஒரு மாற்றம் பிழையாக முடிந்ததே காரணம். அவற்றை மட்டுமே நம்பியிருந்த கடைகள், அந்நேரத்தில் வாடிக்கையாளருடன் தொடர்பு இழந்தன.

கூகுள் நிறுவனம் தன் வணிகக் குறிப்புச் சேவையின் வழியாகச் சிறு வணிகர்க்கு ஒருபக்க இணையதளத்தை இலவசமாக அமைத்துத் தந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதனை நிறுத்திக்கொண்டது. அந்நிறுவனம் அளித்த இலவச முகவரியை அட்டையிலும் பையிலும் அச்சிட்டிருந்தோர் புதிய முகவரி தேட வேண்டியதாயிற்று. சொந்தக் களப்பெயரை அப்பக்கத்தோடு இணைத்திருந்தோர்க்கு அத்தகைய இழப்பு நேரவில்லை. அவர்கள் புதிய பக்கத்தை அமைத்துப் பழைய பெயரை அதனோடு இணைத்துக்கொண்டால் போதுமானதாக இருந்தது.

எனவே வாடகைக் கடையை விட்டுவிட வேண்டும் என்பது பொருளன்று. திருவிழாவில் கடை போடலாம். ஆனால் அங்கு வந்தவர்க்கு 'எங்கள் வீடு இங்கே உள்ளது' எனக் காட்ட ஒரு வீடும் இருத்தல் வேண்டும்.

பொருளின் விலையை விளக்கும் இடம்

மின்வணிகத் தளத்தில் ஒரு பொருளுக்குக் கிடைப்பது சில படங்களும் சில வரிகளுமே. அருகிலேயே அதைவிட விலை குறைந்த பொருள்கள் வரிசையாக நிற்கும். அங்கு விலையே பேசும். சொந்த இணையதளத்தில் பொருள் பேசும். பத்தமடை நெசவாளர் ஒருவர் தம் தளத்தில் கோரை அறுப்பதையும் ஊறவைப்பதையும் சாயம் ஏற்றுவதையும் படங்களாக அடுக்கிக் காட்டலாம். முரட்டுப் பாய்க்கும் மெல்லிழைப் பாய்க்கும் உள்ள வேறுபாட்டை அருகருகே வைத்து விளக்கலாம். பாயை மடிக்கும் முறையையும் ஈரம் படாமல் காக்கும் முறையையும் எழுதலாம். அதைப் படிப்பவர் விலையைக் கண்டு தயங்குவதற்குமுன் உழைப்பைக் கண்டுகொள்வார்.

மணமக்கள் பெயர் நெய்த பாயைப் பொறுத்தவரை இத்தேவை இன்னும் மிகுதி. பெயரின் எழுத்து, நாள், நிறம், அளவு ஆகியவற்றை வாங்குபவர் நெய்பவரிடமே தெரிவித்தல் வேண்டும். தளத்தில் அதற்கென ஒரு படிவம் இருந்தால், மலேசியாவிலோ மதுரையிலோ உள்ள ஒருவர் நள்ளிரவிலும் தம் விருப்பத்தைப் பதிவுசெய்யலாம். நெய்பவர் காலையில் அதைக் கண்டு, எத்தனை வாரத்தில் முடியும் என மறுமொழி அனுப்பலாம். கடை மூடிய பின்னரும் கதவு திறந்திருக்கிறது.

எழுத்தும் தேடுபொறியும்

இணையத்தில் ஒரு பொருளைத் தேடுவோர் பெரும்பாலும் தேடுபொறியைப் பயன்படுத்துகின்றனர். தேடுபொறி பக்கங்களில் உள்ள எழுத்துகளைப் படித்துப் பட்டியலிட்டு வைத்துக்கொள்கிறது. எனவே பொருளின் பெயர், ஊர், அளவு, பயன் ஆகியவற்றை ஒருங்குறி எழுத்தில் தட்டச்சு செய்து வெளியிடுதல் வேண்டும். விளம்பரத் தாளைப் படமெடுத்து ஒட்டிவிட்டால், அதிலுள்ள எழுத்துகள் தேடுவோர் கண்ணுக்கு எட்டாமல் போகக்கூடும். பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் திரைபடிப்பி மென்பொருளுக்கும் எழுத்தாக அமைந்த செய்தியே ஏற்றது. தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரங்களைத் தருவது இருவேறு வாடிக்கையாளர்க்கு இரு கதவுகளைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

கணக்கும் உறவும்

ஒரு பாயின் விலை 3,000 ரூபாய் எனவும், விற்றுத் தரும் தளம் 20 விழுக்காடு தரகு பெறுகிறது எனவும் கொள்வோம். ஒரு பாய்க்கு 600 ரூபாய் தரகாகும். ஓராண்டில் 40 பாய்கள் விற்றால் தரகு மட்டும் 24,000 ரூபாய். சொந்த இணையதளத்துக்கும் செலவு உண்டு. களப்பெயர்க் கட்டணம், சேவையகக் கட்டணம், இணையவழிப் பணம் பெறுவதற்கான கட்டணம், பொருளை அனுப்பும் செலவு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தே முடிவெடுத்தல் வேண்டும். விற்பனை மிகக் குறைவாக இருக்கும் தொடக்கக் காலத்தில் தரகு கொடுப்பதே ஆதாயமாகவும் இருக்கலாம். விற்பனை வளர வளர, தரகு வளரும். இணையதளத்தின் அடிப்படைச் செலவோ அந்த அளவுக்கு வளர்வதில்லை. 2016இல் நடைமுறைக்கு வந்த யுபிஐ முறை, சிறு வணிகரும் கைப்பேசி வழியே பணம் பெறுவதை எளிதாக்கியுள்ளது.

தரகினும் பெரிதாகக் கருதத்தக்கது வாடிக்கையாளருடன் அமையும் உறவு. பெரிய தளத்தில் வாங்குபவர் பெரும்பாலும் அத்தளத்தின் வாடிக்கையாளராகவே இருக்கிறார். சொந்தத் தளத்தில் வாங்குபவர் ஆக்கியவரின் வாடிக்கையாளர் ஆகிறார். அவர் இசைவு தந்தால், புதிய வடிவமைப்பு வந்ததை அவருக்கு நேரே தெரிவிக்கலாம். அவர் கூறும் குறையும் நெய்பவரை நேரே அடையும். குறையைக் கேட்கும் தொழிலே தரத்தில் உயரும்.

நம்பிக்கைக்கு உரிய வரம்புகள்

நேரில் காணாத ஒருவரிடம் பணம் செலுத்த நுகர்வோர் தயங்குவது இயல்பு. எனவே 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், இணையவழி விற்கும் நிறுவனம் தன் பெயர், முகவரி, தொடர்பு விவரங்கள், குறைதீர் அலுவலர் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் தெளிவாக வெளியிட வேண்டும் என்கின்றன. முறையீட்டைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும் எனவும் அவ்விதிகள் கூறுகின்றன. இவற்றைச் சுமையாகக் கருதாமல் நம்பிக்கையின் அடித்தளமாகக் கொள்ளுதல் நன்று. பொருளைத் திருப்பித் தரும் முறையை வெளிப்படையாக எழுதியுள்ள தளத்தில் வாங்குவோர் தயக்கமின்றி வாங்குவர்.

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கைப்பேசி எண் ஆகியவை அவர் நம்பி ஒப்படைத்த செய்திகள். தேவைக்கு மிகுதியாக அவற்றைக் கேட்பதும், பிறருக்குக் கொடுப்பதும் தவறு. இந்தியாவில் இதற்கென 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

கவனிக்க வேண்டியவை

சொந்தத் தளம் என்னும் பெயர் மட்டும் போதாது. அது உண்மையிலேயே சொந்தமாக இருத்தல் வேண்டும். தளத்தை வடிவமைத்துத் தருபவர், களப்பெயரைத் தம் பெயரிலேயே பதிவுசெய்துகொள்வதும் உண்டு. பின்னாளில் அவரோடு தொடர்பு அறுந்தால், பல ஆண்டுகள் வளர்த்த முகவரியே கைவிட்டுப் போகும். எனவே களப்பெயர் தொழில் நடத்துவோர் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியுள்ளதா எனத் தொடக்கத்திலேயே உறுதிசெய்தல் வேண்டும். கடவுச்சொல்லையும் அவரே வைத்திருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் நாளை மறந்தால் அப்பெயரை வேறொருவர் பதிவுசெய்துகொள்ளக்கூடும்.

பழைய விலையும் இயங்காத தொலைபேசி எண்ணும் கொண்ட தளம், பூட்டிக் கிடக்கும் கடையினும் தீங்கானது. பூட்டிய கடை வந்தவரைத் திருப்பி அனுப்பும். பராமரிக்காத தளமோ அவரை ஏமாற்றும். பக்கங்களின் படியைத் தனியே சேமித்து வைத்தலும், தகவலை மறையாக்கம் செய்து அனுப்பும் பாதுகாப்பான இணைப்பைப் பயன்படுத்துதலும் இன்றியமையாதவை.

இணையதளம் அமைத்த மறுநாளே வாடிக்கையாளர் திரண்டு வருவர் என எதிர்பார்த்தலும் பொருந்தாது. முகவரியைப் பொருளின் உறையிலும் விலைச்சீட்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட வேண்டும். சமூக ஊடகப் பதிவுகள் ஒவ்வொன்றும் தளத்துக்கு வழிகாட்ட வேண்டும். ஒரு பாயின் ஓரத்தில் தைத்த சிறு துணுக்கில் தளத்தின் முகவரி இருந்தால், அப்பாய் எத்தனை பேர் கைமாறினாலும் நெய்தவரின் பெயரும் உடன் செல்லும்.

நிறைவாக

தரமான பொருள் ஆக்குவது தொழிலின் பாதி. அதை ஆக்கியவர் யார் என்பதை உலகறியச் செய்வது மறுபாதி. முதற்பாதியைத் தலைமுறை தலைமுறையாகக் கைவரப்பெற்ற சிறுதொழிலார் பலர், மறுபாதியைப் பிறர் கையில் விட்டுவிட்டனர். சொந்த இணையதளம் அதனை மீண்டும் அவர்தம் கைக்குக் கொண்டுவரும் ஒரு வழி. பெருமுதலீடு வேண்டாத அவ்வழிக்கு விடாமுயற்சியும் நேர்மையும் வேண்டும். கணினியைக் கையாளப் பழகிய இளைய தலைமுறை, தம் வீட்டிலும் ஊரிலும் உள்ள உழைப்பாளர்க்கு இதில் துணைநின்றால், ஊரின் பெயரோடு உழைத்தவரின் பெயரும் உலகில் நிலைபெறும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உருவாகும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதனை ஆக்குபவரிடம் செய்முறையைக் கேட்டறிந்து, இணையதளத்தின் முதற்பக்கத்துக்கு ஏற்றவாறு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. 'சிறுதொழிலுக்குச் சமூக ஊடகமே போதும்' என்னும் தலைப்பில் ஒட்டியும் வெட்டியும் வகுப்பறையில் பேசுக.

3. உங்கள் பகுதியிலுள்ள கடைகளின் பெயர்ப்பலகைகள் ஐந்தனை நோக்கி, 'யார், என்ன, எங்கே' என்னும் மூன்று வினாக்களுக்கும் அவை விடை தருகின்றனவா எனப் பட்டியலிடுக.